எஸ்.டி.எல். வகுப்பில் ஆசிரியருக்கு என்ன வேலை?

மருத்துவக் கல்லூரி டைம்டேபிளில் ‘எஸ்.டி.எல்.’ என்று ஒரு கட்டம் இருக்கும். சுயவழிக் கற்றல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. முதலாண்டு மாணவர்கள் பலர் அதை ஓய்வு வேளை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘இந்த சாப்டரை நீங்களே படிச்சுட்டு வந்துடுங்க’ என்று சொல்லி, லாக்புக்கில் (மாணவர் செய்ததைப் பதியும் ஏட்டில்) கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடும் ஆசிரியர்களும் உண்டு. இரண்டிலும் ஒரு மணி நேரம் வீண். ஒழுங்காக நடத்தினால், லெக்சர் எடுப்பதைவிட எஸ்.டி.எல். நடத்துவதில்தான் ஆசிரியருக்கு வேலை கூடுதல். வகுப்பில் பேசுவது குறையும். வகுப்புக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியது ஏறும்.

அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1975-ல் சொன்ன விளக்கத்தை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஐந்து வேலைகள் இருக்கின்றன. தனக்கு எது தெரியாது என்று கண்டுபிடிப்பது. எதைக் கற்க வேண்டும் என்று குறி வைப்பது. அது எங்கே, யாரிடம் கிடைக்கும் என்று தேடுவது. தனக்குத் தோதான வழியில் கற்பது. கற்றது சரிதானா என்று சோதிப்பது. இவற்றை மாணவர் தாமே முன்னின்று, பிறர் உதவியோடோ உதவி இல்லாமலோ செய்ய வேண்டும். அந்த ‘உதவியோடோ’ என்ற சொல்லைத்தான் நம் ஊரில் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

மருத்துவக் கல்வியில் இதற்கு இடம் கொடுத்த முன்னோடிகளில் ஒன்று கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். 1969-ல் அங்கே மருத்துவப் படிப்பு தொடங்கியபோதே, நோயாளியின் பிரச்சினை ஒன்றை நடுவில் வைத்துச் சிறு குழுவாக உட்கார்ந்து கற்கும் முறை வந்துவிட்டது. இந்தியாவில் 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். பேட்ச் முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. படித்து வெளியே வரும் மருத்துவருக்கு அது ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டிருப்பது. 2019 விதிகளில் எஸ்.டி.எல்.லுக்கு அனாடமியில் 40 மணி, ஃபிசியாலஜியில் 25, பயோகெமிஸ்ட்ரியில் 20 ஒதுக்கியிருந்தார்கள். (பிறகு வந்த திருத்தங்களில் கணக்கு மாறியிருக்கிறது. உங்கள் பேட்சுக்கு உரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) 2019 கணக்கில் அனாடமியின் மொத்த நேரம் 675 மணி, அதில் 40 என்பது சின்னப் பங்கு. லெக்சரில் முடிக்காமல் விட்ட பாடத்தையெல்லாம் தள்ளிவிடும் கிடங்கு ஆக்கினால் அதுவும் போய்விடும். ஆண்டுக்கு நாலைந்து தலைப்பு போதும். ஆனால் பொறுக்கி எடுத்த தலைப்பாக இருக்க வேண்டும்.

கேஸ் எழுதுவதில் தொடங்குகிறது

ராமநாதபுரம் கடற்கரையில் தலைப்புக்காக அலைய வேண்டியதில்லை. திருக்கை முள் குத்தியவர், சொறி (ஜெல்லி மீன்) பட்டுத் தடித்தவர், பாறையில் விரல் கிழிந்த பாசி எடுக்கும் பெண், கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்துக் காது அடைத்தவர், வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நின்று சிறுநீர் சுருங்கியவர் என்று ஒவ்வொருவரும் ஒரு பாடம். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவருக்கு ஏற்ற ஒரு கேஸை இங்கே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் மாணவர் கையில் கொடுக்கும் முதல் சீட்டு இப்படி இருக்கலாம்:

‘42 வயது மீனவர். ராத்திரி வலையை இழுத்து மீனைப் பிரிக்கும்போது வலது கை விரலில் ஏதோ குத்தியது. பெரிய வலி இல்லை, வீக்கமும் இல்லை. மீன் முள் என்று விட்டுவிட்டார். இரண்டு மணி நேரத்தில் கழுத்தும் தொடையும் வலிக்கத் தொடங்கின. கை காலை அசைத்தாலே உயிர் போகிறது என்கிறார். வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. விடிந்து கரை சேர்ந்தபோது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.’

சீட்டில் ‘கடல் பாம்பு’ என்ற சொல்லே இல்லை. வேண்டுமென்றே விட்டது. ‘கடல் பாம்புக் கடி: எஸ்.டி.எல்.’ என்று தலைப்பைக் கொடுத்துவிட்டால், பத்து நிமிடத்தில் போனில் தேடி நாலு பக்கம் எடுத்துவிடுவார்கள். தேட வேண்டியது என்ன என்று யோசிக்கும் வேலை அங்கே செத்துப்போகும். நோயாளி தன் வாயால் சொன்னபடியே இருப்பதும் முக்கியம். ‘மயால்ஜியா (தசைவலி), ட்ரிஸ்மஸ் (வாய் திறக்க முடியாமை)’ என்று எழுதிவிட்டால், நோயாளியின் பேச்சை மருத்துவச் சொல்லாக மாற்றும் பயிற்சி மாணவருக்குக் கிடைக்காது.

இரண்டாவது சீட்டு இருபது நிமிடம் கழித்து: சிறுநீர் டிப்ஸ்டிக்கில் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில்) ரத்தம் பாசிட்டிவ், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு ஒன்றுகூட இல்லை, ரத்தத்தில் பொட்டாசியம் 6.8. மூன்றாவது சீட்டை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்: ‘கேஷுவாலிட்டியில் பாலிவேலன்ட் பாம்பு விஷமுறி மருந்து இருக்கிறது. கொடுப்பீர்களா?’ (பாலிவேலன்ட் என்றால் பல பாம்புகளின் விஷத்துக்குச் சேர்த்துத் தயாரித்தது.) ஒரே தாளில் மூன்றையும் அச்சடித்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. மாணவர் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படிப்பார்.

இப்படி ஒரு கேஸ் எழுதி, சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, சீட்டுகளைப் பிரிக்க ஒரு மாலைப் பொழுது ஆகும். ஒருமுறை எழுதினால் மூன்று நாலு பேட்சுக்கு ஓடும். ஒவ்வொரு முறையும் எண்களை மட்டும் மாற்ற வேண்டும். ஹாஸ்டலில் பழைய லாக்புக் கைமாறும் வேகம் தெரிந்ததுதானே.

முதல் நாள்: தெரியாததை வெளியே எடுப்பது

பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து முதல் சீட்டைப் படித்துவிட்டார்கள்.

‘என்ன நினைக்கிறீங்க?’

‘டெட்டனஸ் சார். வாய் திறக்க முடியலைன்னு இருக்கு.’

‘சரி. டெட்டனஸ்னா, குத்துப் பட்டு எத்தனை நாள்ல வரும்?’

‘ஒரு வாரம்... சரியாத் தெரியலை சார்.’

‘இவருக்கு?’

‘ரெண்டு மணி நேரம்.’

‘அப்ப உன்னோட முதல் கேள்வி கிடைச்சிருச்சு. எழுதிக்கோ.’

இதில் ஆசிரியர் ‘தப்பு’ என்று சொல்லவில்லை. ‘டெட்டனஸுக்குப் பெரும்பாலும் 3 முதல் 21 நாள் ஆகும்’ என்று பதிலையும் கொடுக்கவில்லை. மாணவருக்கு எது தெரியாது என்பதை மாணவர் வாயாலேயே சொல்ல வைத்தார். நோல்ஸ் சொன்ன முதல் வேலை இதுதான். மாணவர் தனியாகச் செய்ய முடியாததும் இதுதான். தெரியாதது என்ன என்பது தெரிந்திருந்தால் பாதி தெரிந்த மாதிரி. அந்தப் பாதிக்குத்தான் ஆசிரியர் வேண்டும்.

மணி முடியும்போது பலகையில் நாலைந்து கேள்வி இருக்க வேண்டும். அவற்றை உறுதி செய்வது ஆசிரியர் பொறுப்பு. ‘பாம்புக்கடி பற்றிப் படித்து வருதல்’ என்று எழுதினால் அது கேள்வியே இல்லை. எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. கேள்வி என்றால் இப்படி: டிப்ஸ்டிக் ரத்தம் என்கிறது, மைக்ராஸ்கோப் இல்லை என்கிறது, அப்படியானால் சிறுநீரில் இருப்பது எது? தசை சிதைந்தால் பொட்டாசியம் ஏன் ஏறும், இ.சி.ஜி.யில் முதலில் எது மாறும்? குத்தியது கடலில் வாழும் எந்த உயிராக இருக்கலாம், வலிக்காமல் கடிக்கக்கூடியது எது? இந்த மூன்றில் முதலாண்டு பயோகெமிஸ்ட்ரியும் ஃபிசியாலஜியும் திரும்பி வருகின்றன. படித்து மறந்ததைத் தோண்டி எடுக்க வைப்பது நல்ல கேஸின் குணம்.

கேள்வியைப் பத்துப் பேருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. தவிர்த்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்று என்றால் ஆளுக்கு ஒன்றுதான் தெரியும். மற்ற ஒன்பது பேர் சொல்லும்போது போனைப் பார்ப்பார்கள். எல்லாரும் எல்லாக் கேள்வியையும் தேட வேண்டும், யார் பேசுவது என்பதை இரண்டாம் நாள் சீட்டு எடுத்து முடிவு செய்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

எங்கே தேடுவது என்று காட்டுவது

நாற்பது லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டுவது உதவி இல்லை. மூன்று நாலு இடம் போதும். மெடிசின் பாடநூலில் ஒரு அத்தியாயம், பாம்புக்கடிக்கான அரசு சிகிச்சை வழிகாட்டி, ஃபிசியாலஜி நூலில் பொட்டாசியம் பகுதி. நாலாவதாக ஒரு மனிதர்: கேஷுவாலிட்டி நர்ஸ், மருந்தாளுநர், இல்லையென்றால் படகுத்துறையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு மீனவர். கடல் பாம்பு வலையில் ஏறினால் எப்படி எடுத்துப் போடுகிறார்கள், எந்தக் கையால் பிடிக்கிறார்கள் என்பது பாடநூலில் கிடைக்காது. கேட்கப் போகிற நாளையும் யோசித்து வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது இந்தக் கேஸை வைத்தால் வார்டில் பார்க்க ஆளும் குறைவு. ஆனால் பேச மீனவருக்கு நேரம் இருக்கும்!

கொடுத்த இடங்கள் உண்மையில் கிடைக்கின்றனவா என்று ஆசிரியர் முன்னாலேயே பார்க்க வேண்டும். நூலகத்தில் ஒரே பிரதி இருந்து, நூறு பேர் தேடினால் எஸ்.டி.எல். அங்கேயே முடிந்தது. அந்தப் பக்கங்களை ரிசர்வ் மேசையில் வைக்கச் சொல்வது ஐந்து நிமிட வேலை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கேட்காதே என்று சொல்லிப் பயனில்லை, கேட்பார்கள். ‘அது சொன்னதை எந்த நூலில், எந்தப் பக்கத்தில் சரிபார்த்தாய்?’ என்று இரண்டாம் நாள் கேட்பதே போதுமான தடுப்பு.

இன்னொன்று, தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு இவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறார்கள். ‘தானே படி’ என்ற உத்தரவு இவர்களுக்கு இரண்டு சுமை: பாடம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. முதல் ஆறு மாதம் அத்தியாயத்தைக் கொடுக்காமல் இரண்டு பக்கம் கொடுங்கள். அதை எப்படிப் படிப்பது என்று ஒரு முறை உடன் உட்கார்ந்து காட்டுங்கள். முதலில் துணைத்தலைப்பு, அடுத்து படமும் அட்டவணையும், அதற்கப்புறம் பத்தி. குழுவில் தமிழில் விவாதிக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் பேசமாட்டார்கள். பேசாததைப் படிக்கவில்லை என்று ஆசிரியர் எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் நாள்: வாய் திறக்க வேண்டிய இடம்

ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி சரியாக இருக்கும். இரண்டு நாள் என்றால் தேட முடியாது, இரண்டு வாரம் என்றால் கடைசி ராத்திரிதான் தேடுவார்கள்.

சிறுநீரில் இருப்பது மயோகுளோபின் என்ற தசைப் புரதம், தசை சிதைவிலிருந்து வந்தது, டிப்ஸ்டிக்குக்கு அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் வேறுபாடு தெரியாது என்பதைக் குழு தானே கண்டுபிடித்து வந்துவிடும். பொட்டாசியம் ஏறினால் இ.சி.ஜி.யில் டி அலை கூராக எழும் என்பதும் வந்துவிடும். கடித்தது கடல் பாம்பு என்பதற்கும் வந்து சேர்வார்கள். இதிலெல்லாம் ஆசிரியர் தலையசைத்தால் போதும்.

இப்போது மூன்றாவது சீட்டு. ஒரு மாணவி சொல்கிறார்:

‘குடுக்கலாம் மேடம். கடல் பாம்பு எலாப்பிட் குடும்பம். நல்ல பாம்பும் அதே குடும்பம். பாலிவேலன்ட்ல நல்ல பாம்பு இருக்கு. அதனால வேலை செய்யும்.’

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, முடிவு மட்டும் தவறு. தேடிப் படித்து, யோசித்து, தர்க்கமாக வந்து சேர்ந்த தவறு. சோம்பேறி மாணவருக்கு இது வராது. நன்றாகப் படித்தவருக்குத்தான் வரும். தானாக அது தெரியவும் தெரியாது.

‘மருந்துக் குப்பி லேபிளைப் படிச்சியாம்மா?’

‘நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.’

‘இந்த நாலுல கடல் பாம்பு எங்கே?’

இங்கே ஆசிரியர் பத்து நிமிடம் பேச வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் பாலிவேலன்ட் இந்த நாலு நிலப் பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாரிப்பது. கடல் பாம்பு விஷத்தை அது முறிக்கும் என்று நம்ப முடியாது. ஆனால் கொடுத்தால் அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) வரும் அபாயம் உண்மையானது. கடல் பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. ஆகவே இங்கே நோயாளியைக் காப்பாற்றுவது பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துவது, சிறுநீரகத்தைக் காப்பது, மூச்சுத் தசை சோர்கிறதா என்று மணிக்கு மணி பார்ப்பது, தேவைப்பட்டால் டயாலிசிஸ். ‘மாணவரே கண்டுபிடிக்கட்டும்’ என்று இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது கொள்கைப் பிடிப்பு ஆகாது, பொறுப்பைக் கைகழுவுவது.

2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை இந்த வாதத்தைத்தான் வைத்தது: புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் விட்டால், தேடும் அலைச்சலிலேயே மூளையின் தற்காலிக நினைவு நிரம்பிவிடும், கற்றலுக்கு இடம் இருக்காது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மருத்துவர்கள் தம் திறமையைத் தாமே மதிப்பிடும்போது வெளி மதிப்பீட்டோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை என்று காட்டியது. பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கே இந்த நிலை என்றால், இரண்டாம் ஆண்டு மாணவருக்குச் சொல்ல வேண்டுமா?

எவ்வளவு விலகுவது

ஜெரால்ட் க்ரோ 1991-ல் ஒரு படிநிலை சொன்னார். கற்பவர் முதலில் ஆசிரியரைச் சார்ந்திருப்பார், பிறகு ஆர்வம் வரும், பிறகு பங்கெடுப்பார், கடைசியில் தானே நடத்துவார். ஆசிரியரும் அதற்கேற்ப மாற வேண்டும்: சொல்லிக்கொடுப்பவர், தூண்டுபவர், கூட இருந்து வழிநடத்துபவர், கேட்டால் ஆலோசனை சொல்பவர். கடைசிப் படிக்குரிய ஆசிரியர் முதல் படி மாணவருக்கு வாய்த்தால் மாணவருக்குக் கோபம் வரும். ‘எதுவும் சொல்லித் தரமாட்டேங்கிறார்’ என்பார், அது நியாயமும்கூட. முதல் படி ஆசிரியர் கடைசிப் படி மாணவருக்கு வாய்த்தால் சலிப்பு.

படிநிலை ஆண்டைப் பொறுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. இறுதியாண்டில் மெடிசின் கேஸை அநாயாசமாகப் பிரிக்கும் மாணவர், கண் மருத்துவ போஸ்டிங்கின் முதல் நாளில் மறுபடி முதல் படியில்தான் நிற்பார். தலைப்பு மாறும்போதெல்லாம் ‘இவர் எங்கே நிற்கிறார்’ என்று இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பது ஆசிரியர் வழக்கமாக வேண்டும்.

ஆள் கணக்கு

100 பேர் பேட்ச் என்றால் பத்துக் குழு. ஒரு ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு குழுவைத் தாண்டிப் பார்க்க முடியாது. ஆகவே ஐந்து ஆசிரியர் வேண்டும். சிறிய டிபார்ட்மென்டில் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள். அப்படியானால் பேட்சை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி பிராக்டிகலில் இருக்கும்போது மறு பாதிக்கு நடத்தலாம். நூறு பேரையும் லெக்சர் ஹாலில் உட்கார வைத்து எஸ்.டி.எல். என்று பெயர் சூட்டுவதைவிட அது நல்லது. நடத்தும் ஆசிரியர்கள் எல்லாரும் முந்தின நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து, எங்கே பேசுவது, எங்கே பேசாமல் இருப்பது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குழுவுக்கு லெக்சர் கிடைக்கும், பக்கத்துக் குழுவுக்கு மௌனம் கிடைக்கும்.

தேர்வில் வராததை மாணவர் படிக்கமாட்டார். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. இன்டர்னல் தேர்வில் எஸ்.டி.எல். கேஸிலிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரட்டும். நேரடியாக அதே கேஸ் வேண்டாம். கட்டடம் இடிந்து ஆறு மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரின் சிறுநீர் கறுத்தது என்று கேட்டால், மயோகுளோபின் புரிந்தவர் யார், கடல் பாம்பை மட்டும் மனப்பாடம் செய்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

லாக்புக்கில் வெறும் கையெழுத்து கூடாது. ஆசிரியர் கையால் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அதற்கு மாணவர் எழுதுவதில் ஏதாவது இருக்க வேண்டும். ‘எஸ்.டி.எல். மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று கேள்விக்குப் பதில் கேளுங்கள்: முன்பு என்ன நினைத்திருந்தாய், எது அதை மாற்றியது, இன்னும் எது புரியவில்லை. அப்போது வரும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும்:

‘பாலிவேலன்ட் எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நினைத்திருந்தேன். குப்பி லேபிளைப் பார்த்த பிறகு நாலுக்குத்தான் என்று தெரிந்தது. பொட்டாசியம் எவ்வளவு ஏறினால் இ.சி.ஜி. மாறும் என்பது இன்னும் புரியவில்லை; நூலில் ஒன்று, வழிகாட்டியில் வேறு ஒன்று இருக்கிறது.’

இதன் கீழே ஆசிரியர் எழுத வேண்டியது ஒரே வரி: ‘ஆளுக்கு ஆள் மாறும். டயாலிசிஸ் வார்டில் மூன்று பேரின் ரிசல்ட்டையும் இ.சி.ஜி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வா.’